ஒரு கடி ரொட்டி, ஒரு வெள்ளை டமாஸ்

அத்தியாயம் 5

மர்கிலான் வண்டிச் சந்தைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. ரயில் பன்னிரண்டு ஐம்பதுக்கு. அதற்குள் ஒரு வெள்ளை டமாஸ் வேனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சந்தையில் முந்நூறு டமாஸ் நின்றன. அவற்றில் வெள்ளை அல்லாதவை ஆறு.

"வேலை சுலபமாயிடுச்சுக்கா," என்றேன். "இந்த ஆறையும் விட்டுடலாம்."

நஸோகத் அக்கா சிரிக்கவில்லை. நஸோகத் என்றால் எங்கள் மொழியில் மென்மை. பெயர் வைத்தவர்கள் அவளைப் பிறந்த அன்று பார்த்தவர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இடிபட்ட வண்டிகளை மதிப்பிட்டு இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது காஸ் நிரப்பும் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை அளவு அறையில் துப்பறிகிறாள். நான் முக்தார். வண்டி ஓட்டுவது, தேநீர் ஊற்றுவது, தேவையில்லாமல் பேசுவது என் பொறுப்பு.

அன்று காலை ஏழு மணிக்குச் சவ்ரி அம்மாள் எங்கள் அறைக்கு வந்தாள். சம்சா சுட்டு, தன் டமாஸில் ஏற்றி, தானே ஓட்டிக் கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுகிறவள். கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் அதே வண்டியில் ஆளும் ஏற்றுவாள். ஏழு சீட் வண்டியில் பதினொரு பேர். அந்த டமாஸ் ஒன்பது நாளுக்கு முன்னால் தெருவிலிருந்து காணாமல் போயிருந்தது.

"வண்டி போனா போகட்டும்," என்றாள். "எனக்கு ரொட்டி வேணும்."

"என்ன ரொட்டி?" என்றேன்.

"என் மகன் இல்யோஸ் கடிச்ச ரொட்டி."

மகன் மூன்று வருடமாகக் கொரியாவில் பட்டறை வேலை. புறப்பட்ட அன்று வாசலில் நின்று ஒரு வட்ட ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போயிருக்கிறான். மிச்சத்தை சிவப்பு ரிப்பனில் கோத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாள். திரும்பி வந்து அதே ரொட்டியை அவன் தின்ன வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் அவனுடைய திரும்பு டிக்கெட்.

"சுவர்ல இருந்தது வண்டிக்கு எப்படிம்மா போச்சு?" என்றாள் அக்கா.

"அடுத்த மாசம் வர்றான்னு வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். சுண்ணாம்பு பட்டுடக் கூடாதுன்னு எடுத்து டமாஸ் கூரையில மாட்டினேன். பத்திரமா இருக்கட்டும்னு." பத்திரமா என்ற சொல்லிடம் அவள் குரல் கோபித்துக்கொண்டது. "நேத்து போன் பண்றான். லீவு முன்னாடியே கிடைச்சிடுச்சாம். தாஷ்கந்துல இறங்கிட்டானாம். மத்தியானம் ரயில்ல வர்றான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவேன்?"

அக்கா ஒரு சம்சாவைப் பிய்த்தாள். "வண்டிக்கு அடையாளம் என்ன?"

"வலது தள்ளுகதவு இடுப்பால இடிச்சாத்தான் திறக்கும். ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். பின் கண்ணாடியில கண்ணு படாம இருக்க ஸ்டிக்கர்."

"திருடன் மாத்தக் கூடியதெல்லாம் சொல்றீங்க. மாத்த முடியாதது?"

சவ்ரி அம்மாள் யோசித்தாள். "என் மகனுக்கு முன்பல்லுல ஒண்ணு கிடையாது. ஏழு வயசுல கழுதை உதைச்சது. கடிச்ச இடத்துல நடுவுல ரொட்டி தூண் மாதிரி நிக்கும்."

அக்கா எழுந்தாள். "நீங்க புலாவுக்கு அரிசி ஊறப் போடுங்க. ஸ்டேஷன்ல பார்க்கலாம்."

இதோ சந்தை. ஆகஸ்ட் வெயில். வாசலில் முலாம்பழம் மலை மலையாகக் கொட்டிக் கிடந்தது.

"கேட்டுக்க," என்றாள் அக்கா. "திருடன் நம்பர் பிளேட்டை மாத்துவான், பெயிண்ட் அடிப்பான், ஸ்டிக்கரைக் கிழிப்பான். ரொட்டியை என்ன பண்ணுவான்?"

"தூக்கிப் போடுவான்."

"நீ போடுவியா?"

சாதாரண ரொட்டித் துண்டு தரையில் கிடந்தாலே எடுத்து நெற்றியில் ஒற்றி உயரமான இடத்தில் வைக்கிற ஊர் இது. ரிப்பன் கட்டிய, பல் பதிந்த ரொட்டி என்றால் பார்த்த உடனே குழந்தைக்கும் தெரியும்: எங்கேயோ ஒருத்தன் இன்னும் வீடு திரும்பவில்லை. அதை எறிகிறவன் கை விளங்குமா?

"தின்னவும் மாட்டான்," என்றாள். "மாட்டுக்குப் போட மாட்டான். எங்கயாவது உசரத்துல மாட்டி வச்சிருப்பான். அதனால வண்டியைப் பார்க்காதே. மேல பாரு."

ஒரு மணி நேரம் மேலே பார்த்து நடந்தோம். என் கழுத்து பிடித்துக்கொண்டது. எங்களைப் பார்த்து மேலும் நாலு பேர் மேலே பார்த்தார்கள். ஒருவர் என்னிடம், "எப்ப வரும்?" என்றே கேட்டார். "கொஞ்ச நேரத்துல," என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து பார்த்தார்.

பத்தேகாலுக்குக் கிடைத்தது. ஒரு வெள்ளை டமாஸின் உள்ளே, கூரையில், ரிப்பனோடு ஒரு ரொட்டி. நான் அக்காவுக்குக் காத்திருக்கவில்லை. ஜன்னலுக்குள் கைவிட்டுப் பிடுங்கிவிட்டேன்.

கடித்த இடம் பிறை நிலா மாதிரி வழுவழுப்பாக இருந்தது. தூணுமில்லை, தூசுமில்லை.

"டேய்!" வண்டிக்காரர் சக்கரத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். வந்துகொண்டே இருந்தார், அவ்வளவு பெரிய ஆள். "என் தம்பி ராணுவத்துல இருக்கான்டா! அவன் உசிரைக் கையில வச்சுக்கிட்டு ஏன்டா ஆட்டற!"

"தம்பிக்கு நல்ல பல்லுண்ணே," என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்கா நடுவில் புகுந்து, நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டு, ரொட்டியை அவளே மாட்டி, அந்தத் தம்பி நல்லபடியாக வரவேண்டுமென்று சத்தமாக வேண்டி என்னைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சொந்தக்காரனுக்கே இவ்வளவு கோபம். திருடினவனுக்கு எவ்வளவு பயம் இருக்கும்னு யோசி," என்றாள். நான் என் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தரகர் உமுர்ஸோக் தேநீர்க் கடைக் கட்டிலில் சம்மணமிட்டிருந்தார். இந்தச் சந்தையில் அவருக்குத் தெரியாத டமாஸ் கிடையாது. அக்கா ஒன்பது நாளாக வந்த வண்டிகளைப் பற்றிக் கேட்டாள். ஆனால் டமாஸ் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் ஆதியிலிருந்துதான் தொடங்குவார்.

"இதுக்குத் தாத்தா ஜப்பான்காரன். அப்பா கொரியாக்காரன். பிரசவம் மட்டும் நம்ம அசாகா பேக்டரியில, தொண்ணூத்தாறுல. வயித்துல மூணே மூணு சிலிண்டர். முதல்ல வந்ததுக்கு மூஞ்சி சப்பை. அப்புறம் வந்ததுக்கு மூக்கு முளைச்சுது. நடுவுல நெத்திச் சின்னத்தையும் மாத்தினாங்க, கொரியாச் சின்னத்தை எடுத்துட்டு அமெரிக்காச் சின்னம். சின்னம் மாறினா என்ன, பின்னாடி உட்கார்றவன் முட்டி வாய்க்கு நேராத்தான் இருக்கும்."

"அண்ணே, மணி பத்தரை," என்றேன்.

"இரு தம்பி. பிள்ளைங்க எத்தனை தெரியுமா? ஏழு சீட் ஒண்ணு. அஞ்சு சீட் ஒண்ணு. ஜன்னலுக்குப் பதில் தகரம் வச்ச சரக்கு வேன் ஒண்ணு. அப்புறம் லாபோ. அது பின்னாடி திறந்த தொட்டி, முன்னாடி ரெண்டே சீட். சீட்டுக்குப் பின்னாடி சுவர். அரை டன் ஏத்தச் சொல்வாங்க, நம்மாளு ஒண்ணரை ஏத்துவான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. மூக்குலேர்ந்து முன்சீட் வரைக்கும் டமாஸும் லாபோவும் ஒரே ஆள். அதுக்குப் பின்னாடிதான் தலையெழுத்து பிரியுது."

அக்காவின் கிண்ணம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"இந்த வாரம் லாபோ எதுவும் புதுசா வந்துதா?"

"தூர்கூன் ஒண்ணு வச்சிருக்கான். கடைசி வரிசை, டிங்கரிங் பட்டறை. முலாம்பழ சீசன், லாபோவுக்கு அடிதடி. ஆனா நீ டமாஸ்தானே தேடற?"

"ஆமாம்," என்றாள் அக்கா. "டமாஸ்தான் தேடறேன்."

கடைசி வரிசையில் பெயிண்ட் வாடை மூக்கை அறுத்தது. தூர்கூன் குச்சி மாதிரி ஆள். தலையில் சதுரத் தொப்பி, கையில் முலாம்பழக் கீற்று. அவன் பட்டறை வாசலில் ஒரே வண்டிதான் நின்றது. வெள்ளை லாபோ. பழைய சப்பை மூஞ்சி. பின்தொட்டி புத்தம் புதியது. அவ்வளவு பளபளப்பில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

நான் வழக்கம்போல மேலே பார்த்தேன்.

தார்ப்பாய்ப் பந்தலின் நடுக்கம்பம். அதன் உச்சியில் ஆணி. ஆணியில் சிவப்பு ரிப்பன்.

"அக்கா," என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

அக்கா ஒரு காலி டிரம்மின் மேல் ஏறினாள். டிரம் முனகியது. ரொட்டியைத் தொடாமல் கண்ணால் பார்த்தாள். இரண்டு பக்கமும் பல் தடம். நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தூண்.

"இது யாரோடது?" என்றாள் இறங்காமலே.

தூர்கூன் கீற்றைக் கீழே வைத்தான். எனக்கு அவன் ஓடப்போகிறான் என்று தோன்றியது. ஓடவில்லை. நெஞ்சில் கை வைத்தான்.

"தெரியலக்கா. ரோட்டோரம் கிடந்துச்சு. எந்தத் தாயோட பிள்ளையோ, மிதிபட்டுடக் கூடாதேன்னு எடுத்து மேல மாட்டினேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? ஐயோ, கொண்டு போங்க, முதல்ல கொண்டு போங்க!"

அதற்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்றார் ஒருவர். இன்னொருவர் அவன் முதுகைத் தட்டினார். நான் மெதுவாக, "டமாஸ் ஒண்ணும் காணோம்ணே..." என்று இழுத்தேன்.

"டமாஸா? பட்டறை திறந்துதான் கிடக்கு தம்பி. கட்டிலுக்கு அடியிலயும் பாரு." கூட்டம் சிரித்தது. "இந்தா லாபோவோட காகிதம். லாபோன்னு போட்டிருக்கா? நம்பர் சரியா இருக்கா?"

காகிதமும் நம்பரும் சரியாகத்தான் இருந்தன. எங்கோ நொறுங்கிப்போன ஒரு லாபோவின் காகிதம் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டி கிடைத்துவிட்டது, மணி பதினொன்றரை, கௌரவமாகக் கிளம்பிவிடலாம் என்பதுதான்.

"ரொட்டி வந்தாச்சு, போலாம்க்கா," என்றேன்.

அக்கா இறங்கினாள். ரொட்டியை நெற்றியில் ஒற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு லாபோவைச் சுற்றி வந்து, "நல்ல வண்டியா இருக்கே. நானே வாங்கிக்கறேன்," என்றாள்.

வாங்குகிறேன் என்ற சொல்லுக்கு உமுர்ஸோக் எங்கிருந்து முளைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்த வேகத்தில் அக்காவின் வலது கையையும் தூர்கூனின் வலது கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் சந்தையில் பேரம் முடியும்வரை கையை விடக் கூடாது.

"சொல்லு தம்பி, கேளு தங்கச்சி, கடவுள் மேல பாரத்தைப் போட்டு ஒண்ணு சொல்லுங்க!"

"முதல்ல எஞ்சினைக் காட்டட்டும்," என்றாள் அக்கா குலுங்கிக்கொண்டே.

எஞ்சின் என்றதும் தூர்கூனின் முகம் மலர்ந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான் போலிருக்கிறது. இந்த வண்டிகளுக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டை முன்பக்கமாகத் தூக்கிக் கவிழ்த்தால்தான் தெரியும். இடது கையால் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டைப் பெருமையாகக் கவிழ்த்தான்.

"பாருங்க, சொட்டு எண்ணெய் ஒழுகாது!"

எல்லாரும் எஞ்சினைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. கவிழ்ந்த சீட்டின் முதுகைப் பார்த்தாள். சீட்டின் முன்பக்கத்துக்குப் புது உறை. முதுகுக்குப் பழைய ரெக்சின்தான். சுவருக்கு எதிரே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த முதுகில் இரண்டு குழிகள். பக்கத்துப் பக்கத்தில், கிண்ணம் அளவு, தேய்ந்து நூல் தெரிய. குழிகளுக்கு நடுவே யாரோ ஒட்டிய சூயிங்கம்.

"உமுர்ஸோக் அண்ணே," என்றாள். "லாபோல முன்சீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கும்?"

"சுவர்."

"சுவருக்கு முட்டி உண்டா?"

குலுக்கல் நின்றது. உமுர்ஸோக் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மகான் ஞானம் அடைந்தது மாதிரி வெளிச்சம் பரவியது.

"முட்டி! ஏழு சீட் டமாஸ் முட்டி! பத்து வருஷம் உட்கார்ந்த முட்டி!" என்று கத்தினார். "அடப்பாவி! டமாஸை நடுவுல வெட்டி லாபோவாக்கிட்டானே!"

"சூயிங்கம் வேற இருக்கு," என்றேன். "சுவர் எப்ப சூயிங்கம் மெல்ல ஆரம்பிச்சுது தூர்கூன் அண்ணே?"

தூர்கூன் கையை இழுத்தான். உமுர்ஸோக் விடவில்லை, பேரம் முடியவில்லை அல்லவா? ஆனால் தூர்கூன் கையில் இருந்த முலாம்பழச் சாறு தரகருக்குத் தெரியாது. கை வழுக்கியது. ஒரே தாவலில் தூர்கூன் சீட்டைப் பழையபடி போட்டு ஏறி வண்டியைக் கிளப்பினான்.

"ஏறுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். காலியான தொட்டியைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து பேர் பின்தொட்டியில் பாய்ந்தார்கள். கடைசியாக, தம்பியை ராணுவத்துக்கு அனுப்பிய அந்தப் பெரிய மனிதர் எங்கிருந்தோ ஓடிவந்து பின்விளிம்பில் உட்கார்ந்தார்.

லாபோவின் மூக்கு மெல்ல வானத்தைப் பார்த்து எழுந்தது.

இந்த வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம், திருப்புவது முன்சக்கரம். முன்சக்கரம் இரண்டும் காற்றில் இருந்தன. தூர்கூன் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தான், வலப்பக்கம் ஒடித்தான், ஹாரனை அடித்தான். ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. வண்டி தொழுகைக்கு எழுந்த கரடி மாதிரி நிமிர்ந்தபடி, எதற்கும் அசையாமல், நேர்க்கோட்டில் ஊர்ந்து வாசலில் இருந்த முலாம்பழ மலைக்குள் புகுந்தது.

காலையிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் என்னைத் தேடி வந்தார். "வந்துடுச்சு!" என்றார் பரவசமாக.

தூர்கூனை முலாம்பழங்களுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். போலீஸ் வரும்வரை உமுர்ஸோக் அவன் கையை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் வெட்டினே. அந்த ரொட்டியை மட்டும் ஏன் வச்சிருந்தே?" என்று அக்கா அவனைக் கேட்டாள்.

அவன் காதிலிருந்து ஒரு விதையை எடுத்தான். "திருடன்னா மிருகமாக்கா?" என்றான். உண்மையிலேயே புண்பட்டிருந்தான்.

மணி பன்னிரண்டு பத்து. எங்கள் வண்டியை முலாம்பழங்கள் சூழ்ந்திருந்தன. வாசலில் நின்ற லாபோ மட்டும்தான் வெளியே போக முடிந்தது. "சாட்சிப் பொருள், ரயில் ஸ்டேஷன் வரைக்கும்தான்," என்று போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்து, தானும் தொட்டியில் ஏறிக்கொண்டார். நான் ஓட்டினேன். அக்கா பக்கத்தில், மடியில் ரொட்டி.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு நிலைய வாசலில் நிறுத்தினேன். சவ்ரி அம்மாள் பட்டு அங்கியில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்க்கவே இல்லை. ரொட்டியை வாங்கி, தூணை விரலால் தடவிப் பார்த்து, மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"என் டமாஸ்?"

"இதான்மா," என்றேன். "கொஞ்சம் இளைச்சிருக்கு."

அவள் வலப்பக்கம் போய் இடுப்பால் ஒரு இடி இடித்தாள். அந்த இடத்தில் கதவு இல்லை. தொட்டிக்குள் இருந்த போலீஸ்காரர் விழுந்தார்.

ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து நெட்டையாக ஒருவன் இரண்டு பெட்டிகளோடு இறங்கினான். "அம்மா!" என்று வாய் நிறையச் சிரித்தான்.

சவ்ரி அம்மாள் ஓடியவள் பாதியில் நின்றாள். வாய் நிறையப் பல். ஒன்றுகூடக் குறையவில்லை.

"யாருடா நீ?"

"அம்மா, நான்தான்! இல்யோஸ்!"

"என் பிள்ளைக்கு முன்பல்லு கிடையாது. கடி பார்க்கலாம்."

"அங்க டாக்டர்கிட்ட கட்டிக்கிட்டேம்மா, பொய்ப்பல்லு..."

"கடிடா!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். மூன்று வருட ரொட்டி. அதைக் கொண்டு ஆணி அடிக்கலாம்.

இல்யோஸ் இரண்டு கையாலும் ரொட்டியைப் பிடித்தான். கண்ணை மூடினான். கடித்தான்.

கடக்.

கண்ணைத் திறந்து, வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கொரியாப் பல். பக்கத்தில் அதற்குத் துணையாக, கழுதை விட்டுவைத்த சொந்தப் பல் ஒன்று. அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். நடுவில் ஜன்னல், இரண்டு பல் அகலத்துக்கு.

சவ்ரி அம்மாள் மகனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இவன்தான்," என்றாள் எங்களிடம். "பெட்டியைத் தொட்டியில போடுங்க. புலாவ் ஆறுது."